நோ டிஸ்க்

கலியபெருமாள் மூன்றாம் முறை கடைக்கு வந்தபோது
டிவிடியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்,
கடித்த பாம்பையே வைத்தியரிடம் கொண்டுவருவதுபோல.

"நெல்லிக்குப்பத்தில ஓடுதாம்.
தெருவே கூடிப் பாத்துதாம்.
எங்களுக்கு மட்டும் வெறுந்தட்டு."
குற்றவாளி நானா, சம்பந்தியா
என்பதில் அவருக்கு இன்னும் முடிவில்லை.

முதல் தட்டு என் தப்புதான்.
மின்வெட்டுக்குப் பயந்து
கடைசி முத்திரை விழுவதற்குள் உருவிவிட்டேன்.
முடித்துவைக்காத தட்டை
எழுதிய கணினி மட்டும்தான் அடையாளம் கண்டுகொள்ளும்.
இரண்டாவதில் மணமக்கள் படம் அச்சடித்து
காகிதம் ஒட்டியிருந்தேன்.
ஒரு பக்கம் கனத்து, உள்ளே தள்ளாடியிருக்கும்.
மூன்றாவதில் குறையே இல்லை.
மஞ்சக்குப்பம் கடையில், அவர் கண்ணெதிரே,
நாதஸ்வரத்தோடு சுகந்தி தலைகுனிந்து வருகிறாள்.
அவர் முகத்தில் எரிச்சல்.
டாக்டர் வாசலில் பல்வலி நின்றுவிட்டவர்
அப்படித்தான் பார்ப்பார்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள்.
கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?
போய்ப் பார்க்காமல் சொல்வதற்கில்லை.
வெற்றுத் தட்டுகளும் லேப்டாப்புமாக
கெடிலம் பாலம் தாண்டி
முதுநகருக்கு அவர் பின்னாலேயே வண்டியை விட்டேன்.

சிங்கப்பூர்ப் பெட்டி. மகன் வாங்கி வந்தது.
துணி போர்த்தி, நெற்றியில்
ஆயுத பூஜைக் குங்குமம் வைத்திருந்தார்கள்.
லோடிங் என்றது.
லோடிங் என்றது.
நோ டிஸ்க்.
வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே
இல்லை என்று சாதிக்கிறது.

மூடியைக் கழற்றி
லென்சைப் பஞ்சால் துடைத்தேன்.
துறைமுகக் காற்று அதையும் விட்டுவைக்கவில்லை.
மறுபடி போட்டேன். நோ டிஸ்க்.

அப்புறம்தான் உறைத்தது.
மூன்றுமே பிளஸ் ரகம்.
"ஒசத்தியான பெட்டிங்க.
மைனஸ் தட்டுக்கு மட்டும்தான் இலை போடும்.
நெல்லிக்குப்பத்தில என்ன பெட்டி?"
"பர்மா பஜார். ஆயிரத்து நூறு ரூபா."
"அது எந்தப் பந்தியிலயும் உக்காந்துடும்."

கலியபெருமாள் சிரித்தார்.
கல்யாணம் முடிந்த நாற்பது நாளில்
முதல் சிரிப்பு என்றாள் அவர் மனைவி அஞ்சலை.
"கேட்டியாடி? நம்ம பெட்டி ஒசத்தி.
அதான் ஓடல."
போனை எடுத்து சம்பந்திக்கே அடிக்கப் போனவரை
கையைப் பிடித்து உட்கார வைத்தோம்.

அங்கேயே ஒரு மைனஸ் தட்டில் இறக்கினேன்.
மின்சாரம் போய்விடுமோ என்று பதினாறு வேகத்தில்.
ஓடியது.
பக்கத்து வீட்டார் வந்தார்கள். காபி வந்தது.
யார் வந்தார்கள், யார் சாப்பிடாமல் போனார்கள்
என்று அஞ்சலை விரல்விட்டுக்கொண்டிருந்தாள்.

பூ ஒட்டிய காரில்
சுகந்தி ஒரு காலை வைத்த இடத்தில்
படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது.
ஒரு கால் உள்ளே.
ஒரு கால் எங்கள் பக்கம்.

தட்டு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடும்,
வேகமாக எழுதினால் விளிம்பு கெடும்,
ராத்திரியே நாலு வேகத்தில் பொறுமையாக எழுதி
காலையில் தருகிறேன் என்றேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"அதுக்கு மேல என்ன இருக்கு பாக்க"
என்றாள் அஞ்சலை.
ரிமோட்டை வாங்கி
மாலை மாற்றுகிற இடத்துக்குத் திரும்பிப் போனாள்.
பாக்கி நூற்றைம்பதை அவர் எண்ணிக் கொடுத்தார்.

நாலு வேகத் தட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது.
மூன்று பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டேன்.
எதிலும் சிக்கவில்லை.
'சுகந்தி - முழுசு' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன்.
யாரும் வந்து கேட்கவில்லை.

கார் போன பிறகும்
கேமராவை அணைக்க மறந்திருக்கிறேன்.
மண்டப வாசலில் கலியபெருமாள்
பந்தல்காரனோடு நாற்காலி எண்ணுகிறார்.
எண்பத்தாறு, எண்பத்தேழு,
தெருவைப் பார்க்கிறார்,
மறுபடி ஒன்றிலிருந்து.